‘தி அலாஸ்கன்ஸ்’ நின்றது நடிகரால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோஜர் மூரின் தொடக்க காலத் தொலைக்காட்சி வேலைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 1890களின் க்ளோண்டைக் தங்க வேட்டையை வைத்து எடுத்த ‘தி அலாஸ்கன்ஸ்’ தொடரை இரண்டே வரியில் முடித்துவிட்டது. கௌபாய் வேடம் அவருக்கு ஒட்டவில்லை, அதனால் தொடர் ஒரே பருவத்தில் நின்றது என்கிறது. கதை நடக்கும் ஊர் டாசன் என்றும் போட்டிருக்கிறது. இரண்டுமே சரியல்ல. ஊர் ஸ்கேக்வே. அது அலாஸ்காவில், அமெரிக்க மண்ணில் இருக்கும் துறைமுகம். தங்கம் கிடைத்த டாசன் பக்கம் மலைக்கு அப்பால், கனடாவில். நடுவில் ஓர் எல்லை, அதில் சுங்கச் சாவடி. இதை மாற்றிச் சொன்னால் அந்த ஊரின் கதையே மாறிவிடும்.

1959 ஜனவரியில் அலாஸ்கா மாநிலமானது. அந்தச் சூட்டோடு வார்னர் பிரதர்ஸ் தயாரித்த தொடர் இது. அமெரிக்காவின் ஏ.பி.சி. அலைவரிசையில் 1959 அக்டோபர் முதல் 1960 ஜூன் வரை, ஞாயிறு இரவு 9.30க்கு ஒரு மணி நேரம் ஓடியது. சில்க்கி ஹாரிஸாக மூர், ரீனோ மெக்கீயாக ஜெஃப் யார்க், பாடகி ராக்கி ஷாவாக டாரதி புரொவைன், சலூன் முதலாளி நிஃப்டி க்ரோனினாக ரே டான்டன். ஆள் பொருத்தத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. நாக்கால் பிழைக்கும் எத்தன் வேடம் மூருக்கு நன்றாகவே வந்தது. அடுத்த பருவத்தில் வார்னரின் இன்னொரு கௌபாய் தொடரான ‘மேவரிக்’கிலும் அதே சாயல் வேடத்துக்கு அவரைத்தான் போட்டார்கள்.

கோளாறு திரைக்கதையில். வார்னர் தொலைக்காட்சிப் பிரிவில் ஒரு தொடருக்கு எழுதியதைப் பெயரையும் ஊரையும் மாற்றி இன்னொரு தொடருக்குப் போடுவது வாடிக்கை. 1960 ஜனவரியில் எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கி ஜூன் வரை நீடித்தபோது இது முழு நேரத் தொழிலாகவே ஆனது. இப்படித் தூசி தட்டி எடுத்த கதைகளுக்கு ‘டபிள்யூ. ஹெர்மானோஸ்’ என்று எழுத்தாளர் பெயர் போட்டார்கள். அப்படி ஓர் ஆள் கிடையாது. ஹெர்மானோஸ் என்றால் ஸ்பானிய மொழியில் சகோதரர்கள், ஸ்பானிய வேடம் கட்டிய வார்னர் சகோதரர்கள்தான். ‘மேவரிக்’குக்குப் போனபோது அங்கே தரப்பட்ட வசனங்களில் பலவற்றை ஏற்கெனவே சில்க்கி ஹாரிஸாகப் பேசிவிட்டதை மூரே கவனித்துச் சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பருவத்தில் அதே அலைவரிசையில் அதே ஞாயிறு இரவு 7.30க்கு ‘மேவரிக்’. ஒரே வீட்டில், ஒரே இரவில், ஒரே சரக்கு இரண்டு முறை.

கதையை இரவல் வாங்குவது பாவமில்லை. மாட்டுப் பண்ணை ஊருக்கு எழுதிய கதையை ஸ்கேக்வேயில் வைத்தால் ஏன் ஒட்டாது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கன்சாஸ் மாட்டுப் பண்ணை ஊர்க் கதையில் வில்லன் வங்கியைக் கொள்ளையடிப்பான், குதிரை ஏறுவான், ஊரைத் தாண்டிப் போவான். ஸ்கேக்வேயில் குதிரை ஏறி எங்கே போவது? 1897 இலையுதிர் காலத்தில் ஊரிலிருந்து மலையேறும் ஒயிட் பாஸ் பாதையில் சேற்றிலும் பாறை இடுக்கிலும் விழுந்து செத்த சுமை விலங்குகள் சுமார் 3,000. ‘செத்த குதிரைப் பாதை’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. பின்னால் கடல், முன்னால் மலை, மலை உச்சியில் 1898 பிப்ரவரி முதல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியோடு கனடாவின் குதிரைப்படைப் போலீஸ்.

அந்தப் போலீஸ் கேட்டது தங்கத்தையல்ல, சோற்று மூட்டையை. ஓர் ஆண்டுக்கான உணவு, ஆளுக்கு ஏறத்தாழ 1,150 பவுண்டு, இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கூடாரம், ரம்பம், மண்வெட்டி, துணிமணி சேர்ந்தால் ஒரு டன், அதாவது 2,000 பவுண்டு. பக்கத்துத் துறையான டையேயிலிருந்து ஏறும் சில்கூட் கணவாயின் கடைசிச் செங்குத்தில் குதிரை ஏறாது. பனியில் வெட்டிய சுமார் 1,500 படிகள், ஒற்றை வரிசை. ஒருவன் முதுகில் 50 பவுண்டு வைத்தால் ஒரு டன்னுக்கு 40 ஏற்றம். மூச்சு வாங்க வரிசையை விட்டு ஓரமாக நின்றால், மீண்டும் உள்ளே நுழைய மணிக்கணக்கில் ஆகலாம். மேலே மூட்டையை இறக்கிவிட்டு, ஒரு கம்பை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, பனியில் சறுக்கிக் கீழே வந்து அடுத்த மூட்டை. இரவில் பனி பெய்தால் கம்பும் மூட்டையும் மூடிப்போகும். காலையில் தோண்டித் தேட வேண்டும். அமெரிக்காவில் வாங்கிய பொருளுக்கு உச்சியில் தீர்வையும் உண்டு.

ஒரு மணி நேரக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு கூட்டாளிகள், நாற்பது ஏற்றத்தில் முப்பதாவதில் ஒருவனுக்குக் கால் முறிகிறது. பாதிச் சரக்கு மேலே, பாதி கீழே. அங்கே வில்லன் தேவையே இல்லை. இன்னொன்று, ஏரிக்கரைப் படகு வேலை. 1897–98 குளிர்காலம் முழுக்க, மலைக்கு அப்பால் பென்னட் ஏரியில் ஆட்கள் மரம் அறுத்துப் படகு கட்டினார்கள். மேடையில் மரத்தைக் கிடத்தி மேலே ஒருவன், கீழே ஒருவன் நின்று நீண்ட ரம்பத்தை இழுக்க வேண்டும். அறுப்பு கீழ்நோக்கி, மரத்தூள் முழுக்கக் கீழே நிற்பவன் கண்ணில். கோடு விலகினால் பலகை வீண், பழி யார் மீது என்று சண்டை. உயிர் நண்பர்கள் பிரிந்த இடம் அதுதான். பிரியும்போது படகைக்கூட இரண்டாக அறுத்த கதைகள் உண்டு. மே கடைசியில் பனிக்கட்டி உடைந்ததும் 7,000க்கும் மேற்பட்ட படகுகள் டாசனுக்குக் கிளம்பின.

எத்தன் கதைதான் வேண்டும் என்றாலும் ஊரிலேயே ஆள் இருந்தான். சோப்பி ஸ்மித். 5 டாலருக்கு உலகத்தின் எந்த மூலைக்கும் தந்தி என்று அலுவலகம் திறந்தான். கம்பி சுவரைத் தாண்டிப் போகவில்லை, ஊருக்குத் தந்தி வந்ததே 1901இல்தான். 1898 ஜூலையில் ஒரு சுரங்கக்காரரின் சுமார் 2,700 டாலர் தங்கத்தூளை அவன் கும்பல் பறித்தது. அது ஊரைக் கிளப்பிவிட்டது. தங்கத்தோடு திரும்புகிறவர்கள் ஸ்கேக்வே வழியாக வரப் பயந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பதே வணிகர்களின் கவலை. நீதி, நேர்மை எல்லாம் பிறகு. ஜூலை 8 இரவு படகுத்துறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஸ்மித் அங்கேயே செத்தான், அவனைத் தடுத்த ஃபிராங்க் ரீட் 12 நாள் கழித்து இறந்தார். எழுதுகிறவர்கள் இந்த வியாபாரக் கணக்கைப் பிடித்திருந்தால் க்ரோனின் வெறும் மீசை வில்லனாக நின்றிருக்க மாட்டான்.

செட் பற்றியும் ஒரு வார்த்தை. படப்பிடிப்பு கலிபோர்னியாவின் பர்பாங்கில், ஸ்டூடியோ வளாகத்தில். வெயிலில் கம்பளி ரோமக் கோட்டு போட்டு நின்றதை மூர் பின்னாளில் திட்டினார். போலிப் பனியை ரசிகர்கள் மன்னிப்பார்கள், வேறு வழியில்லை. வாயிலிருந்து ஆவி வராது, தோளில் விழுந்தது கரையாது, அதுவும் போகட்டும். ஆனால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கேக்வேயில் டிசம்பர் 21 நடுப்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 7 பாகைதான். ஆள் நிழல் ஆளைப்போல எட்டு மடங்கு நீளும். பர்பாங்கில் அதே நாளில்கூட 32 பாகை. நடுக்குளிர் என்று வசனம் சொல்லும்போது நிழல் காலடியில் சுருண்டு கிடந்தால் கண் நம்பாது. இதற்குச் செலவில்லாத மருந்து, வெளிக்காட்சியைக் காலையிலோ மாலையிலோ எடுப்பது. வாரம் ஓர் எபிசோடு தள்ள வேண்டிய கூடத்தில் அதற்கு நேரம் ஏது.

1960 அக்டோபரில் என்.பி.சி. இதே ஊரை வைத்து ‘க்ளோண்டைக்’ தொடங்கியது. அது இன்னும் சீக்கிரம், 1961 பிப்ரவரியில் முடிந்தது. அதன் முக்கிய நடிகர்கள் ரால்ஃப் டேகரையும் ஜேம்ஸ் கோபர்னையும் அப்படியே தூக்கி ‘அகபுல்கோ’ என்ற கடற்கரைத் தொடரில் போட்டார்கள். அங்கே மூர் இல்லையே. ஆகவே பழியை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பழைய எபிசோடுகள் கிடைத்தால் வாசகர்கள் இப்படிப் பார்க்கலாம். முதலில் எழுத்தாளர் பெயர். ஹெர்மானோஸ் என்றிருந்தால் அது மறுபதிப்பு. பிறகு, கதையில் வரும் பனியையும் நாய்வண்டியையும் மனத்துக்குள் எடுத்துவிட்டு மணலையும் குதிரையையும் வைத்துப் பாருங்கள். எதுவும் குலையவில்லை என்றால் அது இரவல் கதை. மூட்டையின் எடை, படகு, எல்லைத் தீர்வை இவற்றில் ஒன்றை எடுத்ததும் கதை படுத்துவிடுகிறது என்றால் அது ஸ்கேக்வேக்கென்றே எழுதியது. அந்த வகையைத் தேடிப் பாருங்கள், மூர் அதில் எப்படி நடித்திருக்கிறார் என்பதும் தெரியும். ஊர்ப் பெயரை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்