ரின் மீன் பற்றிக் கேட்டிருந்தாய்

ஸ்காபரோ, கனடா
9 பெப்ரவரி 2025

அன்புள்ள குணம்,

உன் கடிதம் கைக்கு வந்து மூன்று கிழமையாகிவிட்டது. நீ கேட்ட கேள்விக்கு வாயில் வந்ததை எழுதி அனுப்ப மனம் வரவில்லை. கடையில் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, வாங்க வருகிறவர்களிடமும் கொஞ்சம் கதைத்துவிட்டு எழுதுவோம் என்று இருந்தேன். அதுதான் சுணக்கம்.

முதலில் வீட்டுப் புதினம். மூத்தவளுக்கு வைகாசியில் இரண்டாவது பிள்ளை பிறக்க இருக்கிறது. மனைவிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து இப்போது தடி இல்லாமல் நடக்கிறாள். உன் அக்காவின் கண் எப்படி? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வடமராட்சிக் கடற்றொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகள் சூடையையும் சூரையையும் ரின்னில் அடைத்து விற்கலாமா என்று யோசிக்கிறார்கள், இங்கே உள்ள எங்கள் சனம் வாங்குமா என்று கேட்டிருந்தாய். வாங்கும். ஊர்ச் சாமான் என்ற பாசத்தில் ஒரு தரம் வாங்கும். இரண்டாம் தரம் வாங்க வேறு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் இந்த மூன்று கிழமையும் தேடினேன்.

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கடையில் தட்டு அடுக்குகிறேன். தொடங்கிய காலத்தில் ரின் மீன் என்றால் 425 கிராம் உயர ரின் ஒன்றுதான். வயதான அம்மாமார் சனிக்கிழமை வந்து நாலைந்து தூக்கிக்கொண்டு போவார்கள். வெங்காயம், பச்சைமிளகாய், கறித்தூள் போட்டுப் பிரட்டினால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நேரக் கறி. அவர்கள் பார்ப்பது விலை, அப்புறம் ரின் நெளிந்திருக்கிறதா என்பது. இப்போதும் எங்கள் கடையில் கூட விற்பது அதுதான், அதை மறந்துவிடாதே.

ஆனால் நாலைந்து வருடமாக இன்னொரு கூட்டம் வருகிறது. கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கியபோது ரின் சாப்பாடு ஏகத்துக்கு விற்றது. அது அடங்கிய பிறகு இளம் பிள்ளைகள் மத்தியில் ரின் மீன் ஒரு நாகரிகமாகவே வந்துவிட்டது. போர்த்துக்கலிலும் ஸ்பெயினிலும் இருந்து வரும் தட்டை ரின், அழகான கடதாசி சுற்றியது, ஒன்று பத்துப் பன்னிரண்டு டொலர். முதலாளியின் மகன் இரண்டு பெட்டி எடுத்துப் போட்டபோது, இது இங்கே போகாது தம்பி என்று நானே சொன்னேன். இரண்டு கிழமையில் தட்டு வெறுமை. பாணும் எலுமிச்சம்பழமும் வைத்து, ரின்னைத் திறந்து நடுவில் வைத்துச் சாப்பிடுகிறார்கள், வீடியோ எடுத்தும் போடுகிறார்கள்.

ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். ஒலிவ் எண்ணெயில் ஐந்து சாளை, தலைமாறிக் கிடந்தன. தோல் வெள்ளி மாதிரி, ஒரு கீறல் இல்லை. யாரோ ஒருவர் கையால் அடுக்கியிருக்கிறார். ருசி? உன் அம்மா வைக்கும் சூடைத் தீயலுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் கடதாசியை விரித்துப் படித்தால் என்ன மீன், எந்தக் கடல், என்ன வலை என்று எல்லாம் எழுதியிருந்தது. அந்த மீனுக்கு ஊரும் பேரும் இருந்தது. பத்து டொலரில் பாதி அதற்குத்தான் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

போன கார்த்திகையில் ஒரு பிள்ளை வந்தாள். இங்கே பிறந்தவள், தமிழ் தட்டித் தட்டித்தான் வரும். அம்மம்மாவுக்கு வாங்க வந்தவள் அந்த உயர ரின்னைத் தூக்கி, "அங்கிள், இது எப்படிப் பிடிச்ச மீன்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கிறேன், ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் மேக்கரல். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஜாக் மேக்கரல், சிலி. அது எங்கள் கும்பிளா இல்லை குணம், பாரை இனத்து மீன்.

சிலி என்றதும் உன் ஞாபகம்தான் வந்தது. போரில் கடற்தடை இருந்த காலத்தில் சங்கக்கடை வரிசையில் நின்று ஆளுக்கொரு ரின் வாங்கினோமே. முற்றத்தில் நின்றால் கடல் தெரியும், ஆனால் ஒரு வள்ளம் இறங்க முடியாது. ரின்னைத் திருப்பிப் பார்த்து, "உலகத்தின் மற்றப் பக்கத்து மீன் எங்களிடம் வந்திருக்கு" என்றாய். நான் சிரிக்கவில்லை, எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த மீனின் கதையைத் தேடிப் படித்தேன். 1995 அளவில் தென் பசிபிக்கில் வருடத்துக்கு 50 லட்சம் டன் வரை பிடித்தார்கள். பெரும்பகுதி மனிதர் வாய்க்குப் போகவில்லை, அரைத்து மீன்மாவாக்கிக் கோழிக்கும் வளர்ப்பு மீனுக்கும் போட்டார்கள். 2012, 2013 ஆகும்போது பிடிபாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தக் கடலில் பிடிக்கும் நாடுகள் கூடி, 2012இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் கீழ், இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு வைத்தன. மீன் திரும்பி வந்தது. 2019இல் சிலியின் ஜாக் மேக்கரலுக்கு, கடலை அழிக்காமல் பிடித்த மீன் என்று காட்டும் எம்.எஸ்.சி. நீல முத்திரையே கிடைத்தது. அதே வருடம் வட அட்லாண்டிக் மேக்கரல் அந்த முத்திரையை இழந்தது. நோர்வே, ஐஸ்லாந்து, பரோ தீவுகள், ஐரோப்பிய ஒன்றியம் என்று ஒவ்வொருவரும் தங்கள் பங்கைக் கூட்டிக் கேட்டார்கள். எல்லாப் பங்கையும் கூட்டினால் விஞ்ஞானிகள் சொன்ன அளவைத் தாண்டியது. கனடாவும் 2022இல் தன் அட்லாண்டிக் கரையில் மேக்கரல் தொழிலை நிறுத்தியது.

சூரைக்கு வருகிறேன், உங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் முக்கியம். 1987இல் ஒரு இளைஞர் சூரைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, சுருக்குவலையில் டொல்பின்கள் மாட்டிச் சாவதை ஒளித்துப் படம் எடுத்தார். கிழக்குப் பசிபிக்கில் பெரிய மஞ்சள் சூரை டொல்பின் கூட்டத்தோடு ஓடும், அதனால் டொல்பினைக் கண்டால் வலையைச் சுற்றிவிடுவார்கள். படம் தொலைக்காட்சியில் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை ரின் வாங்க மாட்டோம் என்று நின்றார்கள். 1990இல் அமெரிக்காவின் மூன்று பெரிய கம்பெனிகளும் அப்படிப் பிடித்த மீனை இனி எடுப்பதில்லை என்று அறிவித்தன. வாங்குகிற சனம் நினைத்தால் நடுக்கடலில் வலை மாறும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் டொல்பினுக்குக் கேடில்லாமல் பிடித்தது என்று ரின்னில் போடும் முத்திரை டொல்பினைப் பற்றி மட்டும்தான் பேசும். இன்றைக்குப் பெரிய கப்பல்கள் மிதவைகளைக் கடலில் விட்டு, அதன் நிழலுக்குக் கீழே கூடுவதை எல்லாம் ஒரே வளையத்தில் அள்ளுகின்றன. சூரையோடு இன்னும் முட்டையிடாத மஞ்சள் சூரைக் குஞ்சும், சுறாவும் வரும். எங்கள் இந்து சமுத்திரத்து மஞ்சள் சூரையை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டார்கள் என்று 2015இல் சொன்னார்கள், அடுத்த வருடமே குறைத்துப் பிடிக்கத் திட்டம் போட்டார்கள்.

இதற்கு மறுபக்கம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாலைதீவுக்காரர் சூரையைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கிறார்கள். உயிருள்ள சின்ன மீனை எறிவார்கள், படகின் பின்பக்கம் தண்ணீரைப் பீச்சி அடிப்பார்கள். சூரை அதை இரைக்கூட்டம் என்று நம்பி மேலே வரும். தூண்டில் முள்ளில் மீனைக் கழராமல் பிடிக்கும் எதிர்க்கூர் கிடையாது, கம்பைச் சுண்டினால் மீன் தலைக்கு மேலால் பறந்து தட்டில் விழுந்து தானாகக் கழன்றுவிடும். 2012இல் அவர்களுக்கு எம்.எஸ்.சி. முத்திரை கிடைத்தது. பிரிட்டனில் 2011 அளவில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் இயக்கம் நெருக்கியதில் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் தூண்டில் சூரைக்கு மாறுவதாக வாக்குக் கொடுத்தன. யோசித்துப் பார், உன் அம்மா சம்பலுக்கு இடிக்கும் மாசியும் அந்தச் சூரைதான். நூற்றாண்டுக் கணக்காக அவர்கள் செய்வதை இப்போதுதான் உலகம் நல்ல தொழில் என்று ரின்னில் அச்சடிக்கிறது. எனக்கு அதில் சந்தோசமும் உண்டு, ஆற்றாமையும் உண்டு. ஒவ்வொன்றாகப் பிடிப்பவன் வள்ளத்துக்குக் கூடுதல் கூலி வேண்டும், ஆனால் அவனுடைய ரின்னும் மற்றதும் பக்கத்தில் இருக்கையில் முப்பது சதம் குறைந்ததைத்தான் பெரும்பாலான கை எடுக்கிறது. தினமும் பார்க்கிறேன்.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. சூடையில் தொடங்கட்டும். சின்ன மீன், கெதியாக வளரும், கெதியாகப் பெருகும், கரைக்குக் கிட்ட கிடைப்பதால் எண்ணெய்ச் செலவு குறைவு. சுற்றுச்சூழல் பற்றிப் படித்தவர்கள் இப்போது சாப்பிடச் சொல்வதே இந்தச் சின்ன மீனைத்தான். பாதரசமும் பெரிய மீனைவிட மிகக் குறைவு. ரின்னில் அவித்தால் முள் மெத்தென்று ஆகி அதுவும் சாப்பாடாகிவிடும். சூரை பிறகு பார்க்கலாம். அதுவும் தூண்டிலில் எடுத்ததாக இருந்தால் மட்டும்.

ஐஸ் விஷயத்தில் ஒரு சொல்லும் விடாமல் அவர்களுக்கு வாசித்துக் காட்டு. சூரையும் சூடையும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். ரின்னை 120 பாகை வெப்பத்தில் அவித்தால் கிருமி சாகும், ஆனால் ஊறிய ஹிஸ்டமின் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, நெஞ்சு படபடக்கும். தொழிற்சாலையில் எவ்வளவு கவனம் எடுத்தாலும் வள்ளத்தில் விட்ட பிழையைத் திருத்த முடியாது. மீன் வலையிலிருந்து எடுத்த நிமிடமே ஐஸுக்குள் போகவேண்டும். 1985இல் இங்கே பரிசோதகர்கள் ஆகாது என்று ஒதுக்கிய பத்து லட்சம் வரையான சூரை ரின்னைக் கடைக்கு விட அனுமதித்ததற்காக ஜோன் பிரேசர் என்ற மீன்பிடி அமைச்சர் பதவியை விட்டார். அந்த ரின்னை அடைத்த தொழிற்சாலையும் மூடப்பட்டு ஊரே வேலை இழந்தது.

இன்னொன்று, எழுத்து. 2010இலிருந்து ஐரோப்பாவுக்குள் மீன் போக, எந்தப் படகு எங்கே பிடித்தது என்ற சான்றிதழ் வேண்டும். 2015இல் இலங்கை மீனை அவர்கள் நிறுத்தியது உனக்குத் தெரியும், அடுத்த வருடம் ஆனியில்தான் திறந்தார்கள். பலநாள் கலங்கள் எங்கே போயின என்று சொல்லக் கணக்கு இருக்கவில்லை. அதே வருடங்களில் தாய்லாந்துக் கப்பல்களில் ஆட்களை அடிமை மாதிரி வைத்திருந்த செய்தியும் வெளிவந்தது. அதற்குப் பிறகு யார் பிடித்தது, அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்களா என்றும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். உங்களிடம் அதற்குப் பதில் இருக்கிறது. சங்கத்துக் கொப்பியில் இன்ன வள்ளம், இன்ன நாள், இவ்வளவு கிலோ என்று நாற்பது வருடமாக உன் கையெழுத்தில் இருக்கிறதே, அந்தக் கொப்பிதான் நீங்கள் விற்கப்போகும் சாமானில் பாதி. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு அதில் பதில் உண்டு.

இங்கே இறக்குமதி செய்பவருக்கு உரிமம் வேண்டும், 2019இலிருந்து அது கண்டிப்பு. அந்த வேலையை முதலாளியின் மகன் பார்க்கிறேன் என்கிறான். தீயல் மாதிரிப் புளிவிட்ட ஒரு வகையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறான். பத்து டொலர் கனவு வேண்டாம். நாலைந்து டொலருக்குள் நின்றால் அம்மாமாரும் வாங்குவார்கள், அவர்களின் பேரப்பிள்ளைகளும் வாங்குவார்கள்.

பங்குனியில் என் மச்சினன் மகன் ஊருக்கு வருகிறான். ஆறு வெறும் ரின்னை, லேபல் கிழியாமல் கழுவிக் காயவைத்துக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். சிலி, தாய்லாந்து, மாலைதீவு, போர்த்துக்கல், இரண்டு கனடாச் சாளை. கனடாச் சாளை என்பது உண்மையில் ஹெரிங் என்ற மீனின் குஞ்சு, லேபலில் பார். எல்லோரும் சேர்ந்து படியுங்கள்.

அவன் திரும்பி வருவதற்குள் எனக்கு ஒன்று விசாரித்து எழுது. வடமராட்சியில் சூடை எந்த மாதம் வயிற்றில் முட்டையோடு வருகிறது? அந்த மாதம் சூடைக்கு வலை போடாமல் விடச் சங்கம் சம்மதிக்குமா? பழைய ஆட்களிடமும் கேள், உன் சின்னையாவிடம் முதலில் கேள்.

அன்புடன்,
இரவி