தலையைத் தூக்கச் சொன்ன சிஸ்டருக்கு

ஐசியூவில் இரவுப் பணியிலிருந்த சிஸ்டர், இந்த நன்றி உங்களுக்கு.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து விஷத்தோடு வந்தவர் அந்த நோயாளி. விஷமுறிவு மருந்தான அட்ரோபினை 5 நிமிடத்துக்கொருமுறை இரட்டிப்பாக்கியதில் நெஞ்சுச் சளி அடங்கியது, அக்குள் வியர்வை காய்ந்தது, நாடி 80-ஐத் தாண்டியது. ஏற்றிய மொத்த அளவில் மணிக்கு 10–20 சதவீதம் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது. பலர் இதோடு நிம்மதியாகிவிடுவார்கள்.

நீங்கள் யாரும் சொல்லாமலே அடிக்கடி, "ஐயா, தலையைத் தூக்குங்க" என்று கேட்டுப் பார்த்தீர்கள். மூன்றாம் நாள் தலை எழவில்லை. ஆக்சிஜன் அளவு அப்போதும் சரியாகத்தான் இருந்தது! விஷம் உள்ளே போன 24 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் இந்தத் தசைத் தளர்ச்சியில் கழுத்து முந்தும், மூச்சுத் தசை பிந்தும். அட்ரோபின் இதற்கு உதவாது. நீங்கள் உடனே கூப்பிட்டதால் மூச்சு நிற்குமுன் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் சேர்க்க முடிந்தது.

அவர் நடந்தே வீட்டுக்குப் போனார், சிஸ்டர். அடுத்த வார்டுக்கு மாறிவிட்ட உங்களுக்கு இதை யாராவது சொல்லட்டும்.