புற்றுக் காளானில் என்னதான் இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கரையான் புற்றில் முளைக்கும் புற்றுக் காளான் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கிச் சாப்பிட்டவர்களுக்கு அதன் ருசியை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'இறைச்சிக்கு நிகரான புரதம்', 'வைட்டமின் பி12 குறைபாட்டைப் போக்கும்', 'புற்றுநோயை விரட்டும்' என்று அடுக்கிக்கொண்டே போனதுதான் உறுத்தியது.

புரதக் கணக்கையே பார்ப்போம். காயவைத்த காளானில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம் இருப்பது உண்மைதான். நாம் சமைப்பதோ பச்சைக் காளான். அதில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். 100 கிராமில் மிஞ்சுவது ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் புரதம். ஒரு கோழி முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது! பி12 சங்கதி இன்னும் மோசம். சைவர்கள் நம்பி இருக்கும் அளவுக்குக் காளானில் அது கிடையாது. காளானிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து பற்றி ஆய்வுகள் நடப்பது சரி. அதற்காகப் புற்றுநோயாளியிடம் காளானைச் சாப்பிடச் சொல்லி மருந்தைத் தள்ளிப்போட வைத்துவிடக் கூடாது.

உள்ள நன்மையே போதுமானது. கொழுப்பு மிகக் குறைவு. நார்ச்சத்து, பொட்டாசியம், வைட்டமின் பி2, நியாசின் என்ற பி3 எல்லாம் உண்டு. கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. காளானிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள், வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறும். நறுக்கிக் கொஞ்ச நேரம் நல்ல வெயிலில் வைத்துவிட்டுச் சமைக்கலாம். பச்சையாக மட்டும் சாப்பிடக் கூடாது.

இது ஏன் கடையில் பாக்கெட்டில் கிடைப்பதில்லை என்பதையும் எழுதியிருக்கலாம். கரையான்கள் இலையையும் மரத்தூளையும் மென்று, புற்றுக்குள் தேனடை போல ஒரு படுகை கட்டி, அதில் இந்தப் பூஞ்சணத்தை வளர்த்துத் தின்கின்றன. பால் காளானையும் சிப்பிக் காளானையும் கொட்டகையில் வளர்க்கிற நமக்கு இந்த வித்தை இன்னும் கைவரவில்லை. புற்றை இடித்தால் காளானும் போச்சு.

என் பெரிய கவலை வேறு. கட்டுரையைப் படித்துவிட்டு, மழை முடிந்ததும் பழக்கமில்லாதவர்களும் பறிக்கக் கிளம்புவார்கள். புல்வெளியில் முளைக்கும் ஒரு பெரிய வெள்ளைக் குடைக் காளான் பார்க்க இதைப் போலவே இருக்கும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுக்கும். அமானிட்டா என்ற காளான் வகையில் சில ஈரலையே அழித்துவிடும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆறு மணி நேரம் கழித்துத்தான், சில சமயம் மறுநாள்தான், உடம்பு காட்டிக்கொடுக்கும். காளானோடு சேர்த்து வேகவைத்த பூண்டு கறுக்கிறதா, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் எதையும் நிரூபிக்காது. புற்றுக் காளானின் தண்டு வேர் போல நீண்டு மண்ணுக்குள் புற்று வரை இறங்கும் என்பது ஓர் அடையாளம். அதை மட்டும் வைத்துப் பறிப்பதும் ஆபத்து.

ஐப்பசி மழைக்கு முன்பாக, கோவை வேளாண் பல்கலைக்கழகக் காளான் வல்லுநர் ஒருவரிடம் கேட்டு, உண்ணும் காளானையும் நச்சுக் காளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படங்களோடு ஒரு பக்கம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.