யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை வன்னியில் பிரசங்கிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குருமாருக்கும், போதகர்களுக்கும், சுகமளிக்கும் கூட்டங்களை நடத்தும் ஊழியர்களுக்கும்,

வணக்கம்.

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை, அங்கிருந்து முல்லைத்தீவுக் கரை வரை, பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதருக்கு இயேசு பார்வை கொடுத்த வரலாறு அடிக்கடி பிரசங்கிக்கப்படுகிறது. கோயில்களில் அதைத் தவக்காலத்தில் வாசிக்கிறீர்கள். சபைகளில் உபவாச ஜெபத்தின்போது எடுக்கிறீர்கள். சுகமளிக்கும் கூட்டங்களில் பெரும்பாலும் அதுதான் முதற்பாடம். நீங்கள் அதை விளக்கும் விதம் போரில் காயப்பட்ட எங்கள் மக்களை மறுபடி காயப்படுத்துகிறது. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

விசுவமடுப் பக்கத்தில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துபவள் நான். தகப்பனுக்கு ஒரு கால் இல்லாத பிள்ளையும், தாயின் தலைக்குள் இன்னும் ஷெல் துண்டு இருக்கும் பிள்ளையும் என் வகுப்பில் அருகருகே இருக்கிறார்கள். அவர்கள் முன் இந்த அதிகாரத்தை விரித்து வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசிவிட முடியாது.

நான் கேட்ட பிரசங்கங்கள் அநேகமாக ஒரே தடத்தில் போகின்றன. அவர் விசுவாசித்தார், கீழ்ப்படிந்தார், பார்வை பெற்றார். நீயும் விசுவாசித்தால் பெறுவாய். பெறாவிட்டால்? அதற்கு மேடையிலிருந்து வரும் விடை எப்போதும் காயப்பட்டவரின் தலையிலேயே போய் விழுகிறது: விசுவாசம் போதவில்லை, அல்லது வீட்டில் மறைந்த பாவம் இருக்கிறது.

என் ஒன்றுவிட்ட தம்பி 2009 ஏப்ரலில் பொக்கணையில் இரண்டு கண்களையும் இழந்தான். இப்போது ஈர்க்குமாறு கட்டி விற்கிறான். ஈர்க்குகளை உள்ளங்கையில் தட்டிச் சமப்படுத்தி, பெருவிரலால் பருமனை அளந்து, கம்பியை முறுக்கி இறுக்குவான். ஒரு கட்டுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் காண முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அவனைக் கூட்டிப்போனார்கள். மேடையில் ஏற்றி, இமைகளின்மேல் விரல்களை வைத்து அழுத்தி ஜெபித்தார்கள். அவனுடைய வலது புருவத்தின் கீழே, தோலுக்குள், ஒரு சிறிய இரும்புத் துண்டு இருக்கிறது, அழுத்தினால் நோகும். அவன் முகம் சுளித்ததை வல்லமை இறங்குவதாக ஒலிவாங்கியில் அறிவித்தார்கள். பிறகு முகத்துக்கு முன்னால் கையைக் காட்டி எத்தனை விரல் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றான். மறுபடியும் ஜெபம், மறுபடியும் விரல். கடைசியில், இந்தக் குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஒன்று தடையாக நிற்கிறது என்று பந்தல் முழுவதும் கேட்கச் சொல்லி அவனை இறக்கிவிட்டார்கள்.

அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவனுடைய தாய், என் சின்னம்மா, எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்து தன் பாவத்தைத் தேடினார். கண்டுபிடித்தும்விட்டார். மாத்தளனில் யாரோ விட்டுப்போன பதுங்குகுழியில் கிடந்த மூட்டையிலிருந்து இரண்டு சுண்டு அரிசி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினாராம். அந்த அரிசிக்காகத்தான் கடவுள் மகனின் கண்களை எடுத்துவிட்டார் என்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐயாமாரே, அந்தக் கஞ்சியைப் பாவம் என்று ஒரு தாயை நம்பவைத்த பிரசங்கத்தை நற்செய்தி என்று நான் ஏற்கமாட்டேன்.

இனி வேதத்துக்கு வருவோம். அந்த மனிதரைக் கண்டதும் சீடர்கள் கேட்கிறார்கள்: இவர் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம், இவர் செய்ததா, பெற்றோர் செய்ததா? சீடர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கிறிஸ்தவர், சைவர் என்ற வேறுபாடின்றி எங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் வருகிற கேள்விதான் அது. எந்தப் பிறப்பில் செய்த வினையோ என்பார்கள். பெற்றவர்கள் செய்தது பிள்ளையின் தலையில் விடிந்தது என்பார்கள். இயேசுவின் பதில் ஒரே வரி. இவரும் அல்ல, இவருடைய பெற்றோரும் அல்ல. இதைவிடத் தெளிவாக எப்படி மறுப்பது? அந்த மேடையிலிருந்து என் சின்னம்மாவின் காதில் விழுந்தது சீடர்களின் கேள்வி மட்டுமே. இயேசுவின் பதிலை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

விசுவாசத்தைப் பற்றியும் அதிகாரத்தையே கேட்போம். அந்த மனிதர் குணமாக்கும்படி மன்றாடவில்லை. பிச்சைக்காக இருந்தவர் அவர். இயேசுதான் தரையில் உமிழ்ந்து சேறுண்டாக்கி, அவருடைய கண்களில் பூசி, சீலோவாம் குளத்தில் கழுவும்படி அனுப்புகிறார். 2004இல் யெருசலேமில் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது அந்தக் குளத்தின் கற்படிகள் வெளிப்பட்டன. அகலமான, வரிசை வரிசையான படிகள். கண்ணில் சேற்றோடு, இன்னும் பார்வையில்லாமலேயே, அங்கே இறங்கியிருக்கிறார். பார்வை வந்தபின் உன்னைக் குணமாக்கியவர் எங்கே என்று அயலவர் கேட்க, தெரியாது என்கிறார். நம்புகிறேன் என்று அவர் சொல்வது 38ஆம் வசனத்தில். பார்வை வந்ததோ 7ஆம் வசனத்தில். நம்பிக்கையைக் கட்டணமாகக் கட்டினால்தான் குணம் கிடைக்கும் என்ற பாடத்துக்கு இங்கே இடமே இல்லை.

ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டுவீர்கள் என்று தெரியும். 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரிடம், இனிப் பாவம் செய்யாதே, இதிலும் கேடானது நேரக்கூடும் என்று இயேசு சொல்கிறார். அந்த வசனத்தை மறைத்துவிட்டுப் பேச நான் விரும்பவில்லை. அது ஒரு மனிதரை அறிந்தவர், அவர் குணமான பின்பு, கோவிலில் கண்டு அவரிடம் சொன்னது. அதை எல்லா நோய்க்கும் பொதுச் சட்டமாக்க முடியாது என்பதற்கு ஒன்பதாம் அதிகாரமே சாட்சி. நாசரேத்து மக்களின் நம்பிக்கையின்மையையும் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். மாற்கு 6இல் நம்பாதவர்கள் அவரை ஏளனமாகப் பார்த்த ஊரார். அங்கேயும் நோயாளிகள் சிலர்மேல் கைவைத்துக் குணமாக்கினார் என்று எழுதியிருக்கிறது. உடலில் தைத்த முள்ளை எடுக்கும்படி பவுல் மூன்று முறை வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. பவுலின் வீட்டில் மறைந்த பாவம் இருந்தது என்று யாராவது பிரசங்கித்தீர்களா?

இன்னொரு விளக்கத்தைப் படித்த குருமாரிடமும் கேட்டிருக்கிறேன். கடவுளின் செயல்கள் இவரிடம் வெளிப்படும்படியே என்று மூன்றாம் வசனம் தொடர்கிறதாம்; ஆகவே ஷெல் விழுந்ததும் அவருடைய திட்டம், கண் போனதும் அவருடைய மகிமைக்காம். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான்காம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: இரவு வருகிறது, பகல் இருக்கும்போதே வேலையைச் செய்ய வேண்டும். காரணம் தேடி நிற்காமல் இயேசு குனிந்து மண்ணைப் பிசையத் தொடங்கிவிடுகிறார். ஷெல்லை ஏவியவர்கள் மனிதர்கள். அதைக் கடவுளின் பெயரில் எழுதிவிட்டால் ஏவியவர்கள் தப்பிவிடுவார்கள்.

லூக்கா 13 இதை இன்னும் நேராகச் சொல்கிறது. பலி செலுத்திய கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்ற செய்தி இயேசுவிடம் வருகிறது. 1999 நவம்பரில் மடுக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் ஷெல் விழுந்ததை அறிந்த நமக்கு இப்படிப்பட்ட செய்தி புதிதல்ல. இறந்தவர்கள் மற்றக் கலிலேயரைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைப் பற்றியும் அதையே சொல்கிறார். மனம் மாறும்படி அவர் எச்சரிப்பது, உயிரோடு நின்று அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்தவர்களை.

யார் பாவம் செய்தார் என்ற கேள்விக்கு வன்னியில் இடமுண்டு. அதை உரிய இடத்தில் கேட்ட மேய்ப்பர் ஒருவரும் நமக்கு இருந்தார். 2011 ஜனவரியில், அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, போர் பற்றி விசாரிக்க அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், மக்கள் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கடைசி நாள்வரை மக்களோடு நின்ற குருக்களையும் அருட்சகோதரிகளையும்கூட நாங்கள் மறக்கவில்லை. அவர்களில் எவரும் காயத்தோடு கிடந்தவரிடம் பாவக் கணக்குக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த அதிகாரத்தில் என் மனம் மிகவும் தங்குகிற பகுதி உங்கள் பிரசங்கங்களில் அநேகமாக வருவதில்லை. மொத்தம் 41 வசனங்கள். அற்புதம் இரண்டே வசனங்களில் முடிந்துவிடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி விசாரணை. ஒருவருக்குப் பார்வை வந்திருக்கிறது, அயலில் ஒருவர்கூட மகிழ்ந்ததாக எழுதப்படவில்லை. இவர்தானா அவர் என்று தர்க்கிக்கிறார்கள். எப்படிப் பார்வை பெற்றாய் என்று பரிசேயர் கேட்கிறார்கள்; ஓய்வுநாளில் சேறு பிசைந்ததைக் குற்றமாக்குகிறார்கள். பெற்றோரை அழைக்கிறார்கள். எங்கள் மகன்தான், பார்வையில்லாமல் பிறந்ததும் உண்மைதான், மற்றது எங்களுக்குத் தெரியாது, அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனிடமே கேளுங்கள் என்கிறார்கள். அஞ்சியதால் அப்படிச் சொன்னார்கள் என்று யோவான் எழுதுகிறார். இந்த வரிக்கு வன்னியில் விளக்கவுரை தேவையில்லை. போர் முடிந்தபோது மக்களை அடைத்து வைத்திருந்த செட்டிகுளத்து முகாம் கூடாரங்களிலும், பிறகு வீட்டுப் படலையிலும், பிள்ளையைப் பற்றி விசாரிக்கப்பட்டபோது எத்தனை தாய் தகப்பன்மார் இப்படியே சொன்னார்கள்! அந்தப் பெற்றோரைக் கோழைகள் என்று ஒரு மேடையில் பிரசங்கித்தார்கள். அந்தப் படலையில் நின்ற எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

மகனை இரண்டாம் முறை கூப்பிட்டு அதையே கேட்கிறார்கள். முன்பே சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. மறுபடி ஏன் கேட்கிறீர்கள், நீங்களும் அவருடைய சீடராக விரும்புகிறீர்களோ என்கிறார். நேற்றுவரை கையேந்தி இருந்தவர்! கற்றறிந்தவர்களிடம் அதற்கு விடையில்லை. முழுக்கப் பாவத்தில் பிறந்த நீயா எங்களுக்குக் கற்பிப்பது என்று சொல்லி அவரை வெளியே தள்ளுகிறார்கள். இயேசு ஒரே வரியில் தள்ளிவிட்ட பழியை மதத்தலைவர்கள் அந்த மனிதரின் தலையில் தண்டனையாகவே வைத்துவிடுகிறார்கள். அவர் தள்ளப்பட்டதைக் கேள்விப்பட்டு இயேசு தேடிப் போய் அவரைக் காண்கிறார். என் வாசிப்பில் இந்த அற்புதத்தின் பொருள் அந்தத் தேடலில்தான் இருக்கிறது. பாவி என்று துரத்தப்பட்டவரின் பக்கத்தில் கடவுள் போய் நிற்கிறார்.

ஆகவே கேட்கிறேன். காயப்பட்டவர்களை மேடையில் ஏற்றி விரல் காட்டிச் சோதிப்பதை நிறுத்துங்கள். ஜெபிப்பதானால், அவர்கள் விரும்பினால், வீட்டுக்குப் போய் ஜெபியுங்கள். போன இடத்தில் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்ட ஆள் இருக்கிறதா, செயற்கைக் கால் தேய்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். குணமாகாததற்குப் பாவம் காரணம் என்று சொன்னவர்கள் அந்த வீடுகளுக்கே திரும்பிப் போய், அது உண்மையில்லை என்று சொல்ல வேண்டும். ஒலிவாங்கியில் சொன்னது ஒலிவாங்கியிலேயே திருத்தப்பட வேண்டும். என் சின்னம்மாவிடம் நான் சொன்னால் எடுபடுவதில்லை. உங்களில் ஒருவர் சொல்ல வேண்டும்.

கத்தோலிக்கக் குருமாரிடம் தனியாக ஒன்று. மூன்று ஆண்டு வாசகச் சுழற்சியில் முதலாம் ஆண்டின் தவக்கால நான்காம் ஞாயிறுக்கு இந்த அதிகாரம் முழுவதும் நற்செய்தி வாசகம். குறுகிய வாசகத்துக்கும் அனுமதி உண்டு: வசனங்கள் 1, 6 முதல் 9, 13 முதல் 17, 34 முதல் 38. நேரம் கருதிப் பலர் அதையே எடுக்கிறார்கள். அதில் சீடர்களின் கேள்வி இல்லை, இவரும் அல்ல பெற்றோரும் அல்ல என்ற பதில் இல்லை, அஞ்சி நின்ற தாய் தகப்பன் இல்லை. பாவத்தில் பிறந்தவன் நீ என்ற 34ஆம் வசனம் மட்டும் தப்பாமல் இருக்கிறது. வன்னியின் எந்தக் கோயிலிலும் அந்தக் குறுகிய வாசகத்தை எடுக்காதீர்கள். முழுவதையும் வாசியுங்கள். நீளமான வாசகம்தான்; நின்று கேட்க முடியாதவர்களை முதலில் அமரச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருத்தி,
விசுவமடு