கொண்டோமினிய நிர்வாகக் குழுக்களுக்கு: ரீடரைப் பார்க்கும் முன் கதவைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களே,

வணக்கம். வாசல் பூட்டு அமைப்பை மாற்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒப்புதல் தந்ததும் விலைப்புள்ளிகள் உங்கள் மேசைக்கு வரும். ரீடரின், அதாவது முகத்தையோ அட்டையையோ படிக்கும் கருவியின், படம் அவற்றில் பெரிதாக இருக்கும். பூட்டு, பேட்டரி, கம்பி பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடும். இந்த அமைப்புகளைப் பொருத்திப் பழுதுபார்க்கும் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான்: கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரியை விரிவாக எழுதி வாங்குங்கள்.

இரட்டைக் கண்ணாடிக் கதவுக்கு இரண்டு மின்காந்தப் பூட்டுகள் வேண்டும்; மின்சாரம் ஓடும்வரைதான் இவை கதவைப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். 280 கிலோ பிடிப்புள்ள பூட்டு ஒன்று 12 வோல்ட்டில் ஏறக்குறைய அரை ஆம்பியர் இழுக்கும். ரீடரும், கதவைத் திறக்கலாமா என்று முடிவெடுக்கும் கன்ட்ரோலரும் சேர்ந்தால் மொத்தம் 1.3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். மின்தடைக்காக வழக்கமாக வைக்கும் 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி கணக்கில் ஐந்து மணி நேரம் தாங்கும்; நடைமுறையில் நான்கு வந்தாலே நல்லது. அதையும் பொய்க் கூரைக்கு மேலே, நம் ஊர்ப் புழுக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் இவ்வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கம்பியிலும் கவனம் தேவை. அந்த இரு பூட்டுகளுக்கும் 30 மீட்டர் தூரம் 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தால் வழியிலேயே 1.4 வோல்ட் போய்விடும். பிடிப்பு தளரும். பூட்டையே மாற்றினாலும் தளர்வு தீராது. 12, 24 வோல்ட் இரண்டுக்கும் ஏற்ற பூட்டாக இருந்து, அதை 24 வோல்ட்டுக்கு அமைத்து ஓட்டினால் மின்னோட்டம் பாதியாகும், வழியில் போகும் வோல்ட்டும் பாதியாகும். இன்னொரு பிழை, கதவில் இருக்கும் இரும்புத் தட்டை இறுக்கி முடுக்குவது. ரப்பர் வளையத்தின் மேல் அது சற்றே அசைந்தால்தான் காந்தத்தின் முகத்தோடு சமமாக ஒட்டும். இறுக்கிவிட்டால் ஓரமாக மட்டுமே தொடும். கதவை இரண்டு பேர் இழுத்தால் திறந்துவிடும்.

உயிர் சம்பந்தப்பட்டது அடுத்தது. தப்பிக்கும் வழியில் உள்ள மின்காந்தப் பூட்டு தீ எச்சரிக்கை ஒலித்ததும் தானாக விடுபட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப் பாதுகாப்பு விதி. தீ எச்சரிக்கைப் பெட்டியின் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) சுவர் மின்சாரத்தை மட்டும் துண்டித்தால் பேட்டரி பூட்டைப் பிடித்தபடியே இருக்கும்! பேட்டரிக்கும் பூட்டுக்கும் இடையில்தான் துண்டிக்க வேண்டும். கதவருகே இருக்கும் பச்சை அவசரப் பெட்டிக்கும் இதே விதிதான்: அது கன்ட்ரோலருக்குச் செய்தி அனுப்பினால் போதாது, பூட்டின் மின்சாரத்தையே அறுக்க வேண்டும்.

அட்டை பற்றிச் சுருக்கமாக. 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய வகை அட்டையை மலிவான கருவி ஒன்றே நகலெடுத்துவிடும். மைஃபேர் கிளாசிக் என்ற அட்டை வகையின் மறையாக்கம் (தகவலைப் பிறர் படிக்காதபடி மறைக்கும் முறை) 2008லேயே உடைக்கப்பட்டது. அதைவிடப் பாதுகாப்பான டெஸ்ஃபயர் வகை அட்டையைக் கேளுங்கள். ஆனால் ரீடர் அட்டையின் வரிசை எண்ணை மட்டும் படித்தால் அந்தக் கூடுதல் செலவு வீண். மறையாக்கச் சாவிகள் உங்கள் குழுவிடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒப்பந்ததாரரை மாற்றும் நாளில் எல்லா அட்டைகளையும் மாற்ற வேண்டியிருக்கும். வாசலுக்கு வெளியே ரகசிய எண் அழுத்தும் பலகையும் பூட்டின் ரிலேயும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மாதிரி வேண்டாம்; அதைப் பிடுங்கி இரண்டு கம்பிகளைக் கையாளத் தெரிந்தவருக்குக் கதவு திறந்துவிடும்.

நீச்சல் குளத்து வாயிலுக்குக் கைரேகை பொருந்தாது. ஈர விரலையும், வீட்டு வேலையில் தேய்ந்த விரலையும் அது அடிக்கடி மறுக்கும். முகப்பதிவை விரும்பாதவருக்கு அட்டையும் இருக்கட்டும். வீடு மாறிப் போனவரின் பதிவை எந்த நாளுக்குள் அழிப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் உங்களில் இருவர் நேரில் நில்லுங்கள். மின்சாரத்தை நிறுத்தி நான்கு மணி நேரம் கதவு பிடிக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும்போதே தீ எச்சரிக்கையைச் சோதித்து, கதவு விடுபடுவதைப் பாருங்கள். கடைசித் தவணையை அதன் பிறகு கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசல் பூட்டு அமைப்புத் தொழில்நுட்பர்கள், சிங்கப்பூர்