அந்த நான்கு பிள்ளைகளின் கடிதம்

அன்புள்ள கதிருக்கு,

நேற்று நீ அனுப்பிய கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஆண் வகுப்பாசிரியரான உனக்கு இப்படி எழுதியிருக்கிறார்களே, எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. சுடிதாரில் கறை பட்டதைப் பார்த்துப் பையன்கள் சிரித்ததில், இந்த நான்கு பேரின் கூட்டாளி ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கே வராமல் வீட்டில் இருக்கிறாள். அவளுக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். கேட்டிருப்பதும் நியாயமானதுதான். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், மூடி போட்ட குப்பைத்தொட்டி, பீரோவில் பூட்டியிருக்கும் நாப்கின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பையன்களுக்கும் இதைப் பற்றி ஒரு வகுப்பு.

"மேடம் யாரிடமாவது கொடுத்துவிடட்டுமா அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் தம்பி. உன்னை நம்பி உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நீ அதைக் கை மாற்றிவிட்டால், இது ஆம்பளைகள் காதில் விழக்கூடாத சங்கதி என்று நீயே சொன்னதாகிவிடும். ஒரு மேடத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொள், அது நல்லது. ஆனால் கடிதத்தோடு தலைமையாசிரியர் அறைக்குப் போகிற ஆள் நீயாக இரு.

கிராம சுகாதாரச் செவிலியராக நான் இதைக் கண்ணால் பார்த்தவள். 2012-இல் இலவச நாப்கின் கொடுக்கும் புதுயுகம் திட்டம் வந்தபோது, 10 முதல் 19 வயது வரை உள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 3 பாக்கெட் கொடுத்தோம். ஒரு பாக்கெட்டில் 6 நாப்கின். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார். ஒரு மாதத்துக்கு 9 வருகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை, ஐந்து நாள் உதிரம் போகிற பிள்ளை 9-ஐ வைத்து எப்படிச் சமாளிப்பாள்? காலையில் வைத்ததையே சாயங்காலம் வரை வைத்திருப்பாள். கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் அங்கே போகவே கூடாது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். அப்புறம் நீர்க்கடுப்பு என்று துணை சுகாதார நிலையத்துக்கு வருவாள், அதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பாக்கெட்டைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடங்கள் மாதவிலக்கு ஒழுங்கான இடைவெளியில் வராது. "தேதி தெரிந்து தயாராக வரலாமே" என்று ஆசிரியர்கள் சிலர் பேசுவார்கள். அந்த வயதில் அது முடியாது. அதனால் ஒரு பிள்ளை வெளியே போகக் கேட்டால் ஏன், எதற்கு என்று கேட்காதே. பெல் அடிக்கும்வரை பொறு என்றும் சொல்லாதே.

பையன்கள் சிரித்தார்கள் என்று அவர்களை அடித்துவிடாதே. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'வளரிளம் பருவமடைதல்' என்று பாடமே இருக்கிறது. எத்தனை பள்ளியில் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று அதைத் தாண்டிப் போகிறார்கள்! யாரும் சொல்லித்தராததைப் பையன்கள் தெருவில் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பாடத்தை நீ எடு, பையன்களையும் பெண்களையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து எடு. கர்ப்பப்பையின் உள்சவ்வு எப்படி வளர்கிறது, கரு தங்காதபோது ஏன் உதிர்கிறது என்று படம் போட்டுச் சொல். பத்து நிமிடம் நெளிவார்கள், அப்புறம் கேள்வி கேட்பார்கள். எப்போதும் அப்படித்தான்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதே. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, பட்டுக்கோட்டை பக்கம் வயதுக்கு வந்த சிறுமி ஒருத்தியைத் தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் விழுந்து செத்துப்போனாள். 2025 ஏப்ரலில் பொள்ளாச்சி பக்கம் ஒரு தனியார் பள்ளியில், வயதுக்கு வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே படியில் உட்காரவைத்துத் தேர்வு எழுத வைத்தார்கள். செய்தி வெளியே வந்த பிறகுதான் பணியிடை நீக்கம், விசாரணை எல்லாம். தீட்டு என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வீட்டில் இருக்கிற அந்தப் பிள்ளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீ தனியாகப் போகாதே. அந்த மேடமும் கூட்டாளிகள் நான்கு பேரும் முன்னால் போகட்டும். அவள் அம்மாவிடம் பேசும்போது கறையைப் பற்றி எடுக்க வேண்டாம், விட்டுப்போன பாடத்தைப் பற்றிப் பேசுங்கள். நோட்டு எழுதிக்கொடுக்க அந்தப் பிள்ளைகளே தயாராக இருப்பார்கள்.

தாழ்ப்பாளுக்கும் குப்பைத்தொட்டிக்கும் பள்ளியில் நிதி இல்லை என்று இழுத்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வை. தாய்மார்கள் இருக்கிற கூட்டம் அது, ஒத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் நானும் ஒரு நாள் வந்து பேசுகிறேன். தலைமையாசிரியர் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சொல்.

அன்புடன்,
அம்மா