சுவரைத் திறந்து காட்டுங்கள்: பேஸ்மென்ற் வேலை தொடர்பான புகார்

ஸ்காபரோ, ஒன்ராறியோ, கனடா,
07.04.2025

வீடு திருத்தும் நிறுவனத்தின் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

மூன்று தடவை தொலைபேசியில் கதைத்தாயிற்று. வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பியாயிற்று. "பாக்கிறன் அக்கா" என்பதற்கு மேல் உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன கிழமை வந்ததோ பில். ஆகவே இதை எழுத்தில் தருகிறேன். பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி வரும்.

கடந்த செப்டெம்பரில் எங்கள் குசினி மேசையில் இருந்துதான் ஒப்பந்தம் எழுதினோம். எங்கள் பேஸ்மென்ற்றில், அதாவது நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தில், ஒரு படுக்கையறை, குளியலறை, சின்னக் குசினி, பக்கக் கதவால் தனி வாசல். 58,000 டொலர், 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரியோடு 65,540. நகரசபையிடம் பெர்மிற் எடுப்பதும் இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் கூப்பிடுவதும் உங்கள் பொறுப்பு என்று நீங்களே கைப்பட எழுதித் தந்தீர்கள். தைப்பொங்கலுக்கு முதல் முடித்துத் தருவதாகவும் சொன்னீர்கள்.

அன்றைக்கே உங்களைக் கீழே கூட்டிக்கொண்டுபோய் ஒன்றைக் காட்டினேன். வடமேற்கு மூலையில், பிளொக் சுவரில் படிக்கட்டு மாதிரி இறங்கும் வெடிப்பு. 1974இல் கட்டிய வீடு, அதில் ஆச்சரியம் இல்லை. வெடிப்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நீங்கள் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது பழைய ஈரம் அக்கா, இப்ப காஞ்சிட்டுது" என்றீர்கள். நானும் நம்பினேன். அது என் பிழைதான்.

பெப்ரவரி நடுவில் அடுத்தடுத்துப் பனி கொட்டியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச்சில் அது உருகத் தொடங்க, கீழே இறங்கும்போதே நனைந்த சாக்கு மணம். மகன் பிரேக்கரை நிற்பாட்டிவிட்டு அந்த மூலையில் இருந்த சொக்கற்றின் மூடியைக் கழற்றி, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தான். பொலித்தீன் தாளின் பின்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பிறகு சுவரடியில் ஓடும் பேஸ்போர்டுப் பலகையை மெல்ல நெம்பி எடுத்தோம். சுவரை மூடிய ட்றைவோல் பலகையின் அடிவிளிம்பு, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கற் மாதிரி கையோடு வந்தது. அதன் பின்னால் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம். குளிர் தடுக்க வைத்த இன்சுலேஷன் பஞ்சைப் பிழிந்தேன், தண்ணீர் சொட்டியது. படங்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன.

உங்கள் ஆட்கள் மரச்சட்டத்தைப் பிளொக் சுவரோடு ஒட்டவைத்து அடித்திருக்கிறார்கள். இடைவெளி இல்லை. அடிச்சட்டத்துக்கும் கொங்கிரீற் நிலத்துக்கும் நடுவில் ஒரு போம் பட்டிகூட இல்லை. நீங்கள் தந்த செலவு மதிப்பீட்டில், அந்த எஸ்ரிமேற்றில், "சுவருக்கு 2 அங்குல போம் போர்ட்" என்று எழுதிக் காசும் போட்டிருக்கிறீர்கள். நாங்கள் திறந்த இடத்தில் அதில் ஒரு துண்டும் கிடைக்கவில்லை. வெறும் பஞ்சு. மண்ணுக்குள் நிற்கும் சுவர் குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்துதான் இருக்கும். வீட்டின் சூடான காற்று பஞ்சுக்குள்ளால் போய் அதில் பட்டால் சுவர் வியர்க்கும். வெடிப்பால் வெளியே இருந்து வரும் தண்ணீர் அது வேறு. இரண்டையும் உள்ளே விட்டுப் பொலித்தீனால் மூடிவிட்டால் ஈரம் எங்கே போகும்? இருபது வருடமாக இந்தத் தொழில் செய்கிறோம் என்று சொன்ன உங்களுக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

சரி, ஈரத்தை விடுங்கள். நகரசபைக்கு போன் எடுத்துக் கேட்டேன். பெர்மிற் எடுத்திருக்கிறீர்கள், உண்மைதான். ஆனால் மரச்சட்டத்தையோ இன்சுலேஷனையோ பார்க்க ஒரு தடவைகூட இன்ஸ்பெக்ரரைக் கூப்பிடவில்லை. டிசம்பரில் இரண்டே நாளில் சுவர் முழுக்க ட்றைவோல் ஏறியபோது, "என்ன வேகம்!" என்று உங்கள் ஆட்களுக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்தவள் நான். அந்த வேகத்தின் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. மார்ச் கடைசியில் நானே கூப்பிட்டு இன்ஸ்பெக்ரர் வந்தார். மூடிய சுவருக்குப் பின்னால் இருப்பதைத் தன்னால் ஊகிக்க முடியாது, திறந்து காட்டினால்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மின்சார வேலையும் இதே கதைதான். ஒன்ராறியோவில் காசுக்கு வயரிங் செய்பவர் லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்தகாரராக இருக்க வேண்டும். வேலையை மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கவும் வேண்டும். எங்கள் முகவரிக்கு அப்படி ஒரு அறிவித்தலும் இல்லையாம். வந்த பெடியன் நல்ல பிள்ளை, அவனில் எனக்குக் கோபம் இல்லை. அவனுடைய வானில் லைசென்ஸ் இலக்கம் இல்லை என்பதை அன்றே கவனித்திருக்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய மனவருத்தம் படுக்கையறை யன்னல். ஒன்ராறியோ கட்டடச் சட்டக்கோவைப்படி, நெருப்பு வந்தால் ஆள் வெளியேறக்கூடிய யன்னலுக்குத் திறக்கும் இடம் 0.35 சதுர மீற்றராவது இருக்க வேண்டும். எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. அதற்காகத்தான் வரைபடத்தில் பிளொக்கை வெட்டி யன்னலைப் பெரிதாக்குவதாகப் போட்டிருந்தது. அதற்கென்று 3,200 டொலரும் எஸ்ரிமேற்றில் தனி வரியாக இருக்கிறது. இப்போது அந்த அறையில் இருப்பது பழைய யன்னல்தான். யன்னல் சட்டகத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்திருக்கிறீர்கள். அளந்தேன்: 30 அங்குலம் நீளம், 14 அங்குலம் உயரம். 14 அங்குலம் என்றால் 356 மில்லிமீற்றர். பூனை போகும்.

நான் 1993இல் கனடாவுக்கு வந்து, முதல் நான்கு வருடம் எக்ளிங்டன் வீதிப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தேன். ஆறு பேர், ஒரு குளியலறை. யன்னலால் பார்த்தால் ஆட்களின் சப்பாத்துத்தான் தெரியும். ஜனவரியில் பனி மூடினால் அதுவும் தெரியாது. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் இந்த ஊரில் அப்படித்தான் தொடங்கினோம், உங்கள் அப்பாவும் அப்படித்தான் என்று நீங்களே சொன்னீர்கள். என்னுடைய வீட்டில் காசு கொடுத்து இருக்கப்போகிற பிள்ளைக்கு அந்த யன்னலைக் கொடுக்க மாட்டேன் என்று முதல் நாளே உங்களுக்குச் சொன்னேன். தலையை ஆட்டினீர்கள்.

வீட்டு விலை கூடும் என்று ஆசை காட்டியதும் நீங்கள்தான். ஒரு லட்சம் என்றீர்கள். வீடு விற்கும் தொழிலில் இருக்கும் என் மைத்துனரிடம் கேட்டேன். கடைசி இன்ஸ்பெக்ஷன் முடிந்து பெர்மிற் மூடப்படாத பேஸ்மென்ற்றை இரண்டாவது யுனிற், அதாவது தனிக் குடியிருப்பு, என்று விளம்பரத்தில் போட முடியாது, வாங்க வருகிறவரின் வக்கீல் முதலில் கேட்பதே அந்தக் கடுதாசியைத்தான் என்றார். இப்போதைக்கு என் கையில் இருப்பது பூஞ்சணம் பிடித்த ஒரு களஞ்சிய அறை. வாடகை வந்தால் மோட்கேஜ் வீட்டுக் கடனில் ஒரு பங்கு இறங்கும் என்று போட்ட கணக்கு இன்னும் கடுதாசியிலேயே கிடக்கிறது.

இனி உங்கள் பில். மொத்தம் 74,900 டொலர் என்கிறீர்கள். 65,540க்கு மேல் 9,360 மேலதிகம். 14 வீதத்தைத் தாண்டுகிறது. எஸ்ரிமேற் போட்டுவிட்டு அதற்கு மேல் 10 வீதத்துக்கு மிஞ்சி அறவிட முடியாது என்று ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த 10 வீதத்தையும் சும்மா தர நான் ஆயத்தமில்லை. நான் எழுத்தில் ஒத்துக்கொண்ட மேலதிகம் ஒன்றுதான்: ஷவருக்குக் கண்ணாடிக் கதவு, 1,100 டொலர். கூரையில் பதிக்கும் பொட்லைற் 12, 18 ஆனது உங்கள் விருப்பம். மிச்சக் காசு தராவிட்டால் வீட்டில் லீன் போடுவோம், அதாவது கடனுக்கு வீட்டின் மேல் உரிமை பதிவோம் என்று உங்கள் அலுவலகத்துப் பிள்ளை சொன்னா. நான் இதுவரை 52,000 கட்டியிருக்கிறேன். வேலைப் பெறுமதியில் 10 வீதத்தைப் பிடித்து வைக்கச் சொல்வதே கட்டுமானச் சட்டம்தான்.

நான் கேட்பது இதுதான். வடமேற்குச் சுவரை மூலையில் இருந்து 14 அடிக்கு உங்கள் செலவில் திறவுங்கள். வெடிப்பை முதலில் அடைத்துவிடுங்கள், சுவர் காயட்டும், பிறகு எழுதித் தந்தபடி போம் போர்ட் போடுங்கள். மற்றச் சுவர்களிலும் இன்ஸ்பெக்ரர் எங்கே திறக்கச் சொல்கிறாரோ அங்கே திறவுங்கள். லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கொண்டு வயரிங்கைப் பார்த்து அறிவித்தலும் செய்யுங்கள். யன்னலை வரைபடத்தில் உள்ளபடி வெட்டுங்கள். கண்ணாடிக் கதவைத் தவிர மற்ற மேலதிகங்களை நீக்கிப் புதுப் பில் அனுப்புங்கள். பெர்மிற் மூடப்பட்ட அன்றே மிச்சக் காசுக்குக் காசோலை எழுதுகிறேன்.

ஏப்ரல் 21க்குள் எழுத்தில் பதில் வேண்டும். இல்லாவிட்டால் இன்னொருவரைக் கொண்டு வேலையை முடித்து, அந்தச் செலவைச் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் உங்களிடம் கேட்பேன். மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய முறைப்பாடும் எழுதி வைத்திருக்கிறேன்.

நேரில் வருவதானால் ஒரு நாள் முதல் சொல்லிவிட்டு வாருங்கள். கழற்றிய பேஸ்போர்டையும் ஊறிய ட்றைவோல் துண்டையும் பையில் கட்டி கராஜில் வைத்திருக்கிறேன், உங்கள் ஏணிக்குப் பக்கத்தில். ஏணியையும் அப்போதே எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
வீட்டுச் சொந்தக்காரி

இணைப்பு: ஒப்பந்தப் பிரதி, எஸ்ரிமேற், வரைபடம், பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், படங்கள் 23